விடுமுறை நாளும் விடுதலை நினைவும்

நாட்காட்டியில் சிவப்பு எழுத்தால் குறிக்கப்பெற்ற நாள் ஒன்று வரும்பொழுது பள்ளி மாணவர்க்கும் அலுவலகம் செல்வோர்க்கும் மகிழ்ச்சி பிறப்பது இயல்பே. ஆயின், அந்நாளுக்குச் சிவப்பு எழுத்தைத் தேடித் தந்தவர் யார், அதற்காக எத்தனை காலம் போராட்டம் நிகழ்ந்தது, அந்நாளில் ஓய்வு பெறுவோர் யார், ஓய்வின்றி உழைப்போர் யார் என்று நம்முள் எத்துணைப் பேர் எண்ணிப் பார்க்கின்றோம்? அரசர்களின் வரலாறும் போர்களின் வரலாறும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. விடுமுறை நாளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. அவ்வரலாறு ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வோடு நெருங்கிப் பிணைந்தது. ஆதலின், நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் நம் இளைஞர்கள் அதனை அறிந்துகொள்ளுதல் நலம்.

உலகெங்கும் உள்ள விடுமுறை நாட்களை மூன்று வகையாகப் பகுத்துக் காணலாம். உழைப்பவர் களைப்பாறுவதற்கான ஓய்வு நாள் ஒன்று. சமயத்தோடு இயைந்த விழா நாள் மற்றொன்று. ஒரு நாட்டு மக்கள் தம் வரலாற்றை நினைவுகூரும் நாள் பிறிதொன்று. இம்மூன்றிலும் நம் மக்கள் நெடுங்காலம் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே. அவ்வாயில் எவ்வாறு திறந்தது, இன்னும் எவ்வளவு திறக்க வேண்டியுள்ளது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓய்வு நாள் பிறந்த கதை

வாரத்தில் ஒரு நாள் உழைப்பை நிறுத்த வேண்டும் என்னும் விதியை நெடுங்காலத்திற்கு முன்னரே வகுத்துக்கொண்டவர்கள் யூத மக்கள். அவர்களுடைய மறைநூல், ஏழாம் நாளில் வீட்டுத் தலைவன் மட்டுமன்றி அவனுடைய வேலைக்காரனும் வேலைக்காரியும் கால்நடைகளும் அவனிடம் வந்து தங்கிய அயலானுங்கூட ஓய்ந்திருத்தல் வேண்டும் என்கின்றது. அதற்கு அந்நூல் கூறும் காரணங்களுள் ஒன்று நம் கருத்தைக் கவர்வது. எகிப்து நாட்டில் தாம் அடிமைகளாய் இருந்ததை மறவாதிருக்கவே அந்த ஓய்வு என்பது அதன் பொருள். அடிமைத்தளையை அறிந்த ஒரு மக்கட் கூட்டமே ஓய்வின் அருமையை உணர்ந்தது என்பது எண்ணத்தக்கது.

ஞாயிற்றுக்கிழமை அரசாணையால் ஓய்வு நாளானது கி.பி. 321ஆம் ஆண்டில். உரோமப் பேரரசன் கான்சுடண்டைன் அவ்வாணையைப் பிறப்பித்தான். நீதிமன்றத்தாரும் நகர மாந்தரும் தொழிற்கூடங்களில் உழைப்போரும் அந்நாளில் ஓய்வு பெறலாயினர். ஆனால் வயலில் உழுவோர் மட்டும் தம் வேலையைத் தொடரலாம் என்று அவ்வாணை விலக்களித்தது. விதைக்கும் பருவம் தவறிவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். உலகின் முதல் ஞாயிறு விடுமுறைச் சட்டத்திலேயே உழவுத் தொழிலாளி விடுபட்டுப் போனான்!

பௌத்த நெறியில் பூரணை நாளும் அமாவாசையும் நோன்பு நாட்களாகப் போற்றப்பட்டன. இலங்கை நாட்டில் இன்றும் ஒவ்வொரு பூரணை நாளும் பொது விடுமுறையாகும். 1966ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை அந்நாடு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றாக நிலவின் வளர்பிறை தேய்பிறைகளை ஒட்டிய போயா நாட்களையே வார விடுமுறையாகக் கொண்டிருந்தது. பிற நாடுகளோடு வணிகம் நடத்துவதில் இடர்ப்பாடு நேர்ந்தமையால் மீண்டும் ஞாயிற்றுக்கே திரும்பிற்று. பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1793ஆம் ஆண்டில் பத்து நாள் கொண்ட வாரத்தைப் புகுத்தியபோது, ஏழு நாளுக்கு ஒரு முறை ஓய்ந்த உழைப்பாளி பத்து நாளுக்கு ஒரு முறையே ஓய வேண்டியதாயிற்று. அம்முறையும் நிலைக்கவில்லை. எந்த நாளை விடுமுறையாக்குவது என்பது வானத்திலிருந்து இறங்கிய கட்டளையன்று. மனிதர் வகுத்தது, மனிதர் மாற்றத்தக்கது என்பதை இச்செய்திகள் காட்டுகின்றன.

நம் ஊர்ப்புறத்தின் நிலை யாது? பண்ணையாளாய் உழைத்த நம் முன்னோர்க்கு வார ஓய்வு என்னும் சொல்லே தெரியாது. விடியுமுன் வயலுக்குச் சென்று இருட்டிய பின் குடிசைக்குத் திரும்புவதே அவர்தம் வாழ்வு. மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு ஏர் பூட்டமாட்டார்கள். அவற்றைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் தீட்டி மாலை சூட்டுவார்கள். பண்ணை மாட்டைக் குளிப்பாட்டியவன் யார்? தொழுவத்தைப் பெருக்கியவள் யார்? மாட்டுக்கும் ஆண்டில் ஒரு நாள் வகுத்த சமுதாயம் மாட்டை மேய்த்தவனுக்கு ஒரு நாளை வகுக்க மறந்தது.

ஞாயிறும் மே நாளும்

இந்தியாவில் ஆலைத் தொழிலாளர்க்கு ஞாயிறு விடுமுறை கிடைத்ததும் தானாக நிகழ்ந்ததன்று. அதனைப் பெற்றுத் தந்தவர் நாராயண மேகாஜி லோகண்டே என்னும் பெரியார். இவர் மகாத்மா சோதிராவ் பூலேயின் உண்மை நாடுவோர் சங்கத்தைச் சேர்ந்தவர். ‘தீனபந்து’ இதழின் ஆசிரியராய் விளங்கியவர். 1884ஆம் ஆண்டில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று கோரிக்கை வைத்தார். 1890ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பம்பாயில் கூடிய மாபெரும் கூட்டத்தில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் கலந்துகொண்டனர். பெண் தொழிலாளர் இருவரும் மேடையேறிப் பேசினர். அவ்வாண்டு சூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் சங்கம் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தது. அடுத்த ஆண்டு, 1891இல், தொழிற்சாலைச் சட்டமும் வார ஓய்வை ஏற்றுக்கொண்டது. அதே 1891ஆம் ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர் பிறந்தார்.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ‘பொது விடுமுறை’ என்னும் சொல் நம் நாட்டுச் சட்டத்தில் நுழைந்திருந்தது. ஆனால் அது உழைப்பாளியை எண்ணி நுழைந்த சொல்லன்று. 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், உண்டியலுக்கும் காசோலைக்கும் பணம் தரவேண்டிய நாள் விடுமுறையில் வீழ்ந்தால் என் செய்வது என்பதைத் தீர்ப்பதற்காக, அரசு தன் அரசிதழில் பொது விடுமுறைகளை அறிவிக்கலாம் என்று வகுத்தது. இன்றும் ஆண்டுதோறும் தமிழக அரசு வெளியிடும் விடுமுறைப் பட்டியல் அச்சட்டத்தின் 25ஆம் பிரிவையே அடிப்படையாகக் கொண்டது. இங்கிலாந்தில் 1871ஆம் ஆண்டில் வந்த சட்டமும் வங்கி விடுமுறைச் சட்டம் என்றே பெயர் பெற்றது. வணிகர் கணக்குக்காகப் பிறந்த விடுமுறையை உழைப்பாளியின் உரிமையாக மாற்றியது தொழிலாளர் இயக்கமேயாகும்.

அவ்வியக்கத்தின் திருநாள் மே முதல் நாள். 1886ஆம் ஆண்டு மே முதல் நாளில் எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சிக்காகோ நகரில் குருதி சிந்திற்று. அடுத்த ஆண்டு நால்வர் தூக்கிலிடப்பட்டனர். 1889ஆம் ஆண்டில் பாரிசில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு அந்நாளை உலகம் முழுதும் கொண்டாட முடிவு செய்தது.

இந்திய மண்ணில் மே நாள் முதன்முதலாகக் கொண்டாடப்பட்ட இடம் நம் சென்னை மாநகரம் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். 1923ஆம் ஆண்டு மே முதல் நாள், மீனவர் குலத்தில் தோன்றிய சிந்தனைச் சிற்பி ம. சிங்காரவேலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையிலும் கூட்டங்களை நடத்திச் செங்கொடி ஏற்றினார். மே நாளை அரசு விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்ற குரலும் அன்று எழுந்தது. அன்று வெறுங்கனவாகத் தோன்றிய அக்கோரிக்கை பின்னாளில் நிறைவேறியது. இன்று மெரினாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைக் காணும் இளைஞர்கள், அக்கடற்கரையில் எழுந்த அந்தக் குரலையும் நினைத்துக்கொள்க.

உழைப்பாளியின் ஓய்வுக்குச் சட்டத்தில் இடம் தேடித் தந்தவருள் அண்ணல் அம்பேத்கர் முதன்மையானவர். 1942ஆம் ஆண்டு முதல் 1946ஆம் ஆண்டு வரை வைசிராயின் நிருவாக அவையில் தொழிலாளர் துறையை அவர் ஏற்றிருந்தார். அக்காலத்தில்தான், 1945ஆம் ஆண்டின் தொழிற்சாலைத் திருத்தச் சட்டத்தால், ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளிக்கு ஊதியத்துடன் கூடிய பத்து நாள் விடுமுறை உறுதி செய்யப்பட்டது. விடுப்பு எடுத்தால் கூலி போகும் என்று அஞ்சியவனுக்கு ஓய்வு ஓர் உரிமையாயிற்று. பின்னர் அவர் தலைமையில் வரையப்பெற்ற அரசியலமைப்புச் சட்டத்தின் 43ஆம் உறுப்பு, உழைப்போர் எல்லார்க்கும் வாழ்வூதியத்தோடு ஓய்வை முழுமையாகத் துய்க்கும் நிலையையும் பண்பாட்டு வாய்ப்புகளையும் பெற்றுத்தர அரசு முயலவேண்டும் என்று பணிக்கின்றது.

விழா நாளும் நம் மக்களும்

இனிச் சமய விழாக்களைக் காண்போம். ஊர்த் திருவிழா என்றால் ஊரார் அனைவர்க்கும் மகிழ்ச்சி என்று கதைகளில் எழுதுவர். உண்மை நிலை வேறு. திருவிழாவுக்குப் பறை முழக்கியவர் நம்மவர். பந்தற்கால் நட்டவர் நம்மவர். தேரோடும் வீதியைச் செப்பனிட்டவர் நம்மவர். ஆனால் தேர் நம் சேரிக்குள் வருவதில்லை. தேர்வடம் தொட நமக்கு உரிமையில்லை. கருவறை இருக்கட்டும், கோபுர வாயிலைத் தாண்டவும் தடை இருந்தது. பிறர்க்கு அது விழா நாள். நமக்கு அது கூடுதல் வேலை நாள்.

இத்தடைகள் ஒரே நாளில் வீழவில்லை. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எல்லாச் சாதியாரும் பயன்படுத்தலாம் என்று சென்னைச் சட்டமன்றம் தீர்மானித்தது 1924ஆம் ஆண்டில். திருவிதாங்கூர் மன்னரின் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது 1936ஆம் ஆண்டில். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நம் மக்கள் நுழைந்தது 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள். சென்னை மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவு உரிமைச் சட்டம் வந்தது 1947ஆம் ஆண்டில். அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பு தீண்டாமையையே ஒழித்தது. விழா நாளன்று நாம் கோயில் வாயிலைத் தடையின்றிக் கடக்கும் ஒவ்வோர் அடிக்குப் பின்னும் இத்தனை ஆண்டுகள் உள்ளன.

வாயில் திறக்கக் காத்திராமல் விழாவின் பொருளையே மாற்றி உரைத்த பேரறிஞரும் நம்முள் தோன்றினார். அவர் பண்டிதர் அயோத்திதாசர். சித்த மருத்துவராகிய இவர் 1898ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்த நெறியைத் தழுவித் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழையும் தொடங்கினார். தீபாவளி என்பது அசுரன் ஒருவன் கொலையுண்டதைக் கொண்டாடும் நாள் என்னும் கதையை அவர் ஏற்கவில்லை. எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையைப் பௌத்த சங்கத்தார் கண்டறிந்து, அதன் மருத்துவப் பயனை நாட்டார்க்கு அறிவித்து, எண்ணெய் தேய்த்து நீராடச் செய்த நாளே அது என்று விளக்கினார். நம் பண்டிகைகளுள் வேறு சிலவற்றுக்கும் அவ்வாறே பௌத்த விளக்கம் தந்தார். அவ்விளக்கங்களை வரலாறாக ஏற்போரும் உளர், ஏலாதாரும் உளர். ஆயினும், பிறர் சொன்ன பொருளையே சுமக்க வேண்டுவதில்லை, நம் விழாவுக்கு நாமே பொருள் காணலாம் என்று துணிந்த அறிவாண்மையை எவரும் மறுத்தல் இயலாது. கொலையை நீக்கிக் கண்டுபிடிப்பை வைத்தார். பகையை நீக்கி மருத்துவத்தை வைத்தார்.

வடபழனியில் வாழும் நமக்குத் தைப்பூசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறு கொட்டகையாய்த் தொடங்கிய முருகன் கோயில் இன்று நகரின் பெருங்கோயில்களுள் ஒன்று. பூச நாளில் பாற்குடமும் காவடியும் சுமந்து வருவோர் கூட்டம் ஆற்காடு சாலை வரை நிறைந்திருக்கும். ஆனால் அந்நாள் தமிழக அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் இடம்பெற்றது 2021ஆம் ஆண்டில்தான் என்பதை எத்துணைப் பேர் அறிவர்?

கடல் கடந்து சென்ற தமிழர் அதற்கு நெடுங்காலம் முன்னரே அதனைப் பெற்றுவிட்டனர். இரப்பர்த் தோட்டங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் உழைக்கக் கப்பலேறியவருள் நம் மக்கள் பெருந்தொகையினர். தாய்நாட்டில் தேர்வடம் தொட முடியாதவர், அயல் மண்ணில் காவடி தூக்கி வீதியில் நடந்தனர். மலேசியாவில் பத்துமலைக் குகைக் கோயிலின் தைப்பூசம் 1892ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது. பினாங்கு, சிலாங்கூர், பேராக் முதலிய மாநிலங்களில் அந்நாள் விடுமுறை. கோலாலம்பூருக்கு அவ்வுரிமை 2008ஆம் ஆண்டில் கிடைத்தது. மொரீசியசுத் தீவிலும் தைப்பூசக் காவடி நாள் பொது விடுமுறையாகும். சிங்கப்பூரிலோ 1968ஆம் ஆண்டில் விடுமுறை நாட்களைக் குறைத்தபோது தைப்பூசம் பட்டியலிலிருந்து நீங்கியது, தீபாவளி எஞ்சியது. பெற்ற விடுமுறையையும் இழக்க நேரலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

நினைவு நாட்கள்

ஒரு நாட்டரசு எந்த நாட்களை நினைவு நாட்களாக அறிவிக்கின்றதோ, அவற்றைக் கொண்டே அந்நாடு யாரைத் தன் மக்களாக மதிக்கின்றது என்பதை அறியலாம். இதற்கு நம்மைப் போன்றே ஒடுக்கப்பட்ட பிற நாட்டு மக்களின் வரலாறு சான்று பகர்கின்றது.

அமெரிக்க நாட்டில் மார்ட்டின் லூதர் கிங் 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாட்களுக்குள் அவர் பிறந்த நாளை விடுமுறையாக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. அது சட்டமாவதற்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. இலட்சக்கணக்கானோர் கையொப்பமிட்டு விண்ணப்பித்த பின்னர், 1983ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேறி, 1986ஆம் ஆண்டில் அந்நாள் முதன்முதலாக நாடு தழுவிக் கொண்டாடப்பட்டது. ஐம்பது மாநிலங்களும் அதனை ஏற்க 2000ஆம் ஆண்டு ஆயிற்று. டெக்சாசு மாநிலத்து அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி எட்டிய 1865ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள், 2021ஆம் ஆண்டில்தான் நாட்டு விடுமுறையாயிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கறுப்பின மக்கள் அரசின் அறிவிப்புக்குக் காத்திராமல் அந்நாளைத் தாமே கொண்டாடி வந்தனர்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின்னர் விடுமுறைப் பட்டியலே புதிதாய் எழுதப்பட்டது. 1960ஆம் ஆண்டு சார்ப்வில்லில் காவலர் துப்பாக்கிக்கு இரையானோர் நினைவாக மார்ச்சு 21ஆம் நாள் மனித உரிமை நாளாயிற்று. 1976ஆம் ஆண்டு சொவெட்டோவில் கல்வி உரிமைக்காகத் தெருவில் இறங்கி உயிர்நீத்த மாணவர் நினைவாக சூன் 16ஆம் நாள் இளைஞர் நாளாயிற்று. வெள்ளையர் தம் பழைய போர் வெற்றியைக் கொண்டாடிய திசம்பர் 16ஆம் நாளோ நல்லிணக்க நாள் என்று பெயர் மாறியது. நாள் அதுவே, பொருள் வேறு. அயோத்திதாசர் எழுத்தால் செய்ததை அங்கு ஒரு நாட்டின் அரசே செய்தது. டிரினிடாடு நாடு அடிமை ஒழிப்பு நாளாகிய ஆகத்து முதல் நாளை 1985ஆம் ஆண்டில் விடுமுறையாக்கியது. மொரீசியசு நாடு அடிமை ஒழிந்த பிப்ரவரி முதல் நாளையும், ஒப்பந்தக் கூலிகளாய் இந்தியர் வந்திறங்கிய நவம்பர் 2ஆம் நாளையும் விடுமுறையாகப் போற்றுகின்றது.

நம் நாட்டில் அத்தகைய நாள் ஏப்ரல் 14. தமிழக அரசின் பட்டியலில் அந்நாள் தமிழ்ப் புத்தாண்டு என்றும் அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள் என்றும் இரு பெயர் பெறுகின்றது. 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு அதனைச் சமத்துவ நாள் என அறிவித்து, அந்நாளில் உறுதிமொழி ஏற்கும் முறையையும் வகுத்தது. ஆயினும், பல இல்லங்களில் அந்நாள் முதற்பெயரால் மட்டுமே அறியப்படுகின்றது. இரண்டாம் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர் யார்? நாம் அல்லவா?

நாம் செய்ய வேண்டுவன

விழா முடிந்த மறுநாள் விடியற்காலையில் வடபழனித் தெருக்களைப் பாருங்கள். எச்சில் இலைகளும் வாடிய பூக்களும் குவிந்து கிடக்கும். கதிரவன் எழுமுன் துடைப்பத்தோடு வந்து அவற்றை அள்ளுவோர் எந்த மக்கள் என்பதை நாம் அறிவோம். மாநகரம் முழுதும் விடுமுறை துய்க்கும் நாளிலும் துப்புரவுப் பணியாளர்க்கு வேலை உண்டு. மருத்துவமனையும் பேருந்தும் போல அதுவும் நிறுத்த முடியாத பணி என்பர். நன்று. நிறுத்த முடியாத பணி எனில் அதற்குரிய மதிப்பும் மாற்று ஓய்வும் மிகுந்த ஊதியமும் வேண்டாவா? மேலும், அப்பணி ஒரு சில சாதியார்க்கே தலைமுறை தலைமுறையாய் உரியதாக இருத்தல் என்ன நீதி?

தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் ஒன்று உண்டு. கடை, உணவகம், தொழிற்சாலை, தோட்டம் முதலியவற்றில் பணிபுரிவோர்க்குக் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கோடு விழா நாட்கள் ஐந்தும் ஊதியத்துடன் விடுமுறையாகத் தரப்படல் வேண்டும். அந்நாட்களில் வேலை வாங்கினால் இரட்டை ஊதியம் தரவேண்டும். அல்லது அந்நாள் ஊதியத்தோடு ஊதியம் குறையாத மாற்று விடுமுறை தரவேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. சட்டத்தை அறிந்தவன் கேட்டாலன்றி அது ஏட்டிலேயே கிடக்கும். நம் பகுதியில் கடைகளிலும் உணவகங்களிலும் பணிபுரியும் தாய்மார்க்கும் தம்பியர்க்கும் இதனை எடுத்துரைப்பது படித்த இளைஞரின் கடமை.

மற்றொரு கடமையும் உண்டு. லோகண்டே பெற்றுத் தந்த ஞாயிறும், அண்ணல் பெற்றுத் தந்த ஊதிய விடுமுறையும் உறங்கிக் கழிப்பதற்கும் திரைப்படக் கொட்டகையில் தொலைப்பதற்கும் மட்டும் உரியன அல்ல. களைப்பாறுக, குடும்பத்தோடு மகிழ்க, அது மனிதனின் உரிமை. ஆயின், அந்நாளில் ஒரு மணி நேரமேனும் நூலகத்திற்கு ஒதுக்குக. எழுத்தறியாத பெரியவர் ஒருவர்க்கு அவர் பெயரை எழுதக் கற்றுத் தருக. பத்தாம் வகுப்பில் தடுமாறும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருக. பகல் முழுதும் உழைப்பவன் படிப்பதற்கு விடுமுறை நாளை விட்டால் வேறு நாள் இல்லை. நம் கல்விக் கழகத்தின் கதவுகள் பிற இடங்கள் மூடியிருக்கும் விடுமுறை நாட்களில் அகலத் திறந்திருத்தல் வேண்டும்.

ஓய்வை இரந்து பெற்றவர் நம் முன்னோர் அல்லர்; போராடிப் பெற்றவர். அவர்தம் போராட்டத்தின் பயனை நாம் துய்க்கின்றோம். அடுத்து வரும் தலைமுறை நம் பெயரால் துய்க்கத்தக்க பயன் ஒன்றை விட்டுச் செல்ல நாமும் இந்த விடுமுறை நாட்களிலேயே உழைப்போமாக.